பார்பரோவுக்காக அழுதவர்கள்

2006ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள பிம்லிகோ பந்தயத் திடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். இரண்டு வாரங்களுக்கு முன் கென்டக்கி டெர்பியை ஆறரைக் குதிரை நீள இடைவெளியில் வென்ற பார்பரோ அன்று பிரீக்னஸ் பந்தயத்தில் இறங்கியது. அதுவரை ஓடிய ஆறு பந்தயங்களிலும் அது தோற்றதில்லை. ஓட்டம் தொடங்கிய சில நொடிகளில் அதன் வலது பின்னங்கால் முறிந்தது. காலை ஊன்ற முடியாமல் அது தடுமாறியதையும், ஜாக்கி எட்கர் பிராடோ கீழே குதித்து அதைப் பிடித்து நிறுத்தியதையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

வேறொரு குதிரையாக இருந்திருந்தால் திடலிலேயே திரை கட்டி, ஊசி போட்டு முடித்திருப்பார்கள். பார்பரோவைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்ட்டன் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியிருந்தது. மறுநாள் டீன் ரிச்சர்ட்சன் என்ற அறுவை மருத்துவர் உலோகத் தகட்டையும் 27 திருகுகளையும் வைத்து அதைச் சேர்த்தார். மருத்துவமனைக்குப் பூங்கொத்துகளும் கேரட்டும் ஆப்பிளும் வாழ்த்து அட்டைகளும் வந்து குவிந்தன. குதிரை தின்றதா, தூங்கியதா, காய்ச்சல் உண்டா என்பதெல்லாம் செய்தியாயின. எட்டு மாதங்கள் இப்படிப் போயின. 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்தார்கள். செய்தியாளர்களிடம் அதைச் சொல்ல வந்த ரிச்சர்ட்சன் கண் கலங்கினார். நியூயார்க் டைம்ஸ் அதற்காகத் தலையங்கம் எழுதியது.

முறிந்த கால் பெருமளவு கூடிவந்த பிறகும் அதை ஏன் காப்பாற்ற முடியவில்லை? சுமார் ஐந்நூறு கிலோ எடையை நான்கு குளம்புகளில் தாங்கி நிற்கும் உடல் குதிரையுடையது. மனிதரைப்போல் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்து தேற அதனால் முடியாது. ஒரு கால் நொந்தால் எதிர்க்கால் இரட்டைச் சுமை தாங்குகிறது. குளம்பின் ஓட்டையும் உள்ளெலும்பையும் இணைக்கும் மெல்லிய திசுக்கள் அந்தச் சுமையில் அழற்சி கண்டு பிய்கின்றன. லாமினைட்டிஸ் என்பது அந்த நோயின் பெயர். பார்பரோவுக்கு ஜூலையில் இடது பின்னங்காலில் அது வந்தது. அந்தக் குளம்பின் ஓட்டில் ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்தார்கள். ஜனவரியில் முன்னங்கால்களுக்கும் நோய் பரவியது. நிற்க ஒரு நல்ல கால்கூட இல்லாமல் போனபோதுதான் உரிமையாளர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

உரிமையாளர்கள்மீது அப்போதே ஒரு சந்தேகம் எழுந்தது. டெர்பி வென்ற ஆண்குதிரை பொலிகுதிரையாக நின்றால் கோடிக்கணக்கில் வருமானம் உண்டு. அந்தப் பணத்துக்காகத்தான் அதன் வலியை நீட்டித்தார்களா? வலியைக் கட்டுக்குள் வைக்க முடிந்தவரை சிகிச்சை, முடியாதபோது நிறுத்தம் என்று அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் நியாயமானது. கடைசியில் அதன்படியே நடந்தார்கள். அதற்குமேல் அவர்கள் மனத்துக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கனமான கேள்வி வேறு. அந்த எட்டு மாதங்களும் ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. 2006ஆம் ஆண்டின் கடைசி நாளில் அங்கே இறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தொட்டது. ஈராக்கியர் அதைவிடப் பன்மடங்கு இறந்திருந்தார்கள். இதற்கு நடுவே ஒரு குதிரைக்காகக் கண்ணீர் விடலாமா என்று பலர் கேட்டார்கள். கேட்டவர்களின் வேதனை உண்மையானது. ஆனால் வாதம் நிற்காது. பார்பரோவுக்கு அழாதிருந்தால் அந்தக் கண்ணீர் பாக்தாத் தாய்மாருக்குப் போயிருக்கும் என்று எண்ணுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இரக்கம் ஒரு பக்கம் கொடுத்தால் இன்னொரு பக்கம் குறைந்துபோகும் சரக்கு அல்ல. விலங்கின் வலியைக் கண்டு கலங்கிப் பழகிய மனம் மனிதர் வலிக்கும் கலங்கவே வாய்ப்பு அதிகம். தன்னைக் காத்துக்கொள்ள வாயில்லாத ஓர் உயிர் வதைபடும்போது மனம் இளகுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இரக்கத்துக்கு எல்லை இல்லை. கவனத்துக்கு உண்டு. நாளிதழின் முதல் பக்கம் ஒன்றுதான்; மாலைச் செய்திக்கு அரைமணி நேரம்தான். அதில் எதை வைப்பது, எதை விடுவது என்று ஒருவர் முடிவெடுக்கிறார். ஆகவே பொறுப்பை அழுதவர்மேல் சுமத்துவது தவறு, ஆசிரியர்மேல் சுமத்துவதே சரி. அந்தப் பொறுப்பும் போர்ச் செய்தியோடு நிற்பதில்லை. குதிரைகளைப் பற்றியே அவர்கள் சொல்லாமல் விட்டது நிறைய. பார்பரோ மருத்துவமனையில் இருந்த அதே நவம்பரில் சர்ச்சில் டவுன்ஸில் பிரீடர்ஸ் கப் பந்தயம் நடந்தது. பைன் ஐலண்ட் என்ற பெண்குதிரை முன்னங்கால் மூட்டு விலகி அன்றே கொல்லப்பட்டது. முதல்தரப் பந்தயங்களை வென்ற குதிரைதான் அது. ஆனாலும் செய்தி ஓரிரு நாளில் ஓய்ந்தது. பெயர் தெரியாத சிறு திடல்களில், ஓடும் குதிரையை அன்றைக்கே விலை கொடுத்து வாங்கிப்போகும் மலிவுப் பந்தயங்களில், கைமாறிக் கைமாறி ஓடி விழுந்தவை உள்ளூர்ச் செய்தியில்கூட வரவில்லை.

புகழும் காப்பாற்றிவிடாது என்பதற்குப் பெர்டினாண்டின் கதை சான்று. 1986இல் கென்டக்கி டெர்பியை வென்றது. மறு ஆண்டு பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை வென்று அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டமும் பெற்றது. 1994இல் பொலிகுதிரையாக ஜப்பானுக்கு விற்றார்கள். குட்டிகள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை, கேட்பவர் குறைந்தார்கள். 2002இல் அதன் கதை முடிந்தது, இறைச்சிக்கூடத்தில் என்றே நம்பப்படுகிறது. மறு ஆண்டு ஒரு பத்திரிகை எழுதிய பிறகுதான் அமெரிக்காவுக்கே விவரம் தெரிந்தது. பார்பரோ வென்ற அதே டெர்பி, அதே கைதட்டல். பார்பரோ எல்லோர் கண்முன்னும் விழுந்தது, பெர்டினாண்ட் யார் கண்ணிலும் படாத இடத்தில் விழுந்தது. வேறுபாடு அவ்வளவுதான். துயரத்தின் நேர்மையை உரசிப் பார்க்க வேண்டிய இடம் இது.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது மனுநீதிச் சோழன் வருந்தியதோடு நிற்கவில்லை. தேரை ஓட்டியது யார் என்று விசாரித்தான், விடை தன் வீட்டிலேயே இருந்தது. அவன் விதித்த தண்டனை இன்றைக்கு ஏற்கத்தக்கதல்ல. ஆனால் விசாரணை தன் வீடுவரை வந்தபோதும் அவன் நிறுத்தவில்லை என்பது பெரிது. பார்பரோவுக்காக அழுதவர்களில் பெரும்பகுதியினர் பந்தயத்தை விரும்பிப் பார்ப்பவர்கள், சீட்டு வாங்கிப் பணம் கட்டுபவர்கள். எலும்பு முற்றாத இரண்டு வயதிலேயே குதிரைகளை ஓட விடுவதும், வேகத்துக்காக மட்டுமே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்வதும், வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து ஓட்டுவதும் அவர்கள் கட்டும் பணத்தில்தான் நடக்கின்றன. கால் முறிவு விபத்துதான். அதற்கான ஏற்பாடுகள் விபத்தல்ல. பார்பரோவுக்கு எதிராக யாரும் சதி செய்யவில்லை, அதன் பயிற்சியாளரும் ஜாக்கியும் உண்மையாகவே அதை நேசித்தார்கள். நேசிப்பவர்கள் இருந்தும் அது நடந்தது என்பதால்தான் கேள்வி பார்வையாளர்வரை நீள்கிறது.

இந்தக் கேள்வியைத் தங்களை நோக்கிக் கேட்டவர்களும் இருந்தார்கள், அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். பார்பரோவின் பெயரால் திரண்ட ரசிகர்கள் பணம் சேர்த்து, இறைச்சிக்குப் போகவிருந்த முகம் தெரியாத குதிரைகளை மீட்டார்கள். லாமினைட்டிஸ் ஆராய்ச்சிக்கு நிதி திரண்டது. 2006 அக்டோபரில் குதிரை நலனுக்கென்று பந்தயத் துறையினர் கூடிய மாநாட்டில் ஓர் அடிப்படை உண்மை மேசைக்கு வந்தது: நாடு முழுவதும் பந்தயத்தில் எத்தனை குதிரைகள் சாகின்றன என்ற கணக்கே யாரிடமும் இல்லை. கட்டிய பணத்துக்குக் காசு பிசகாமல் கணக்கு வைத்த தொழில், செத்த குதிரைக்குக் கணக்கு வைக்கவில்லை. 2008 மே மாதம் எயிட் பெல்ஸ் என்ற பெண்குதிரை கென்டக்கி டெர்பியில் இரண்டாவதாக வந்த கையோடு இரு முன்னங்கால்களும் முறிந்து திடலிலேயே கொல்லப்பட்டது. அந்த ஆண்டுதான் காயங்களையும் சாவுகளையும் பதியும் தேசியத் தரவுத்தளம் தொடங்கியது. 2009இல் ஓடிய ஒவ்வொரு ஆயிரம் தடவைக்கும் இரண்டு சாவு. 2023இல் அது 1.32. மருந்துக்கும் திடல் பாதுகாப்புக்கும் நாடு தழுவிய சட்டம் 2020இல் நிறைவேறியது. இந்தக் குறைவு கண்ணீரால் மட்டும் வந்ததல்ல. ஆனால் எண்ணத் தொடங்காமல் வந்திருக்காது. ஒன்றுக்காக அழுவதிலிருந்து அத்தனையையும் எண்ணுவதற்கு நகர்ந்த அந்த இடத்தில் துயரம் அறமாகியது.

அந்த எண்ணிக்கையிலும் ஓட்டை இருந்தது. ஆண்டுதோறும் வெளியான விகிதம் பந்தயத்தில் செத்தவற்றை மட்டுமே சொன்னது. காலைப் பயிற்சியில் விழுந்தவை அதில் சேரவில்லை. ஓட்டம் முடிந்து விற்கப்பட்டவையும் சேரவில்லை. ஒரு குதிரையால் பிழைத்தவர்கள் அதன் கிழப்பருவத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். வளர்ப்பவர், உரிமையாளர், திடல் நடத்துபவர், பணம் கட்டுபவர் என்று நால்வருக்கும் இதில் பங்கு உண்டு. இதைத் தருமம் என்று சொல்வது தவறு. அது கடன்.

பார்பரோ நியூ போல்ட்டனில் உயிரோடு இருந்தபோதே, 2006 செப்டம்பரில், குதிரைகளை இறைச்சிக்காகக் கொல்வதைத் தடை செய்யும் மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 263க்கு 146 என்ற வாக்கில் நிறைவேற்றியது. செனட் சபை அதை நிறைவேற்றவில்லை. மறு ஆண்டு உள்நாட்டு இறைச்சிக்கூடங்கள் மூடப்பட்டபின் குதிரைகள் லாரிகளில் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போயின. அந்தப் போக்குவரத்தைத் தடுக்கும் மசோதாக்கள் அதன்பின் பலமுறை வந்தும் சட்டமாகவில்லை.