பிதிரார்ஜிதமும் ஏழையின் பங்கும்



தகப்பன் தேடிவைத்த ஆஸ்தி பிள்ளைகள் கைக்கு வரும்போது, அரசாங்கமும் அதில் ஒரு பங்கு கேட்பது நியாயமா? 2024-ம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தல் சமயத்தில் இந்தக் கேள்வி தேசமெங்கும் அடிபட்டது. "நம் வீட்டையும் பிடுங்கிக்கொள்வார்களோ" என்று பயந்தவர்கள் உண்டு. "பணக்காரனுக்கு நன்றாய் வேண்டும்" என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. பயமும் பொறாமையும் தீர்ப்புச் சொல்லத் தகுந்தவையல்ல. ஆகையால் இந்த விஷயத்தைத் திருச்சபையின் போதனையைக் கொண்டு நிதானமாய் யோசிப்போம்.

இது புதுக் கேள்வியல்ல. நமது தேசத்தில் 1953-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி முதல் இப்படிப்பட்ட வரி அமலில் இருந்தது. சட்டத்தில் அதற்கு எஸ்டேட் டியூட்டி என்று பெயர். மரண வரி என்றும் சொல்வார்கள். சகல சொத்துக்கும் அது விதிக்கப்படவில்லை. ஒரு வரம்புக்கு மேற்பட்ட சொத்துக்கே விதிக்கப்பட்டது. சொத்து ஏற ஏற வரியும் ஏறும். பிற்காலத்தில், 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட பாகத்துக்கு 85 சதவீதம் வரை போயிற்று. அவ்வளவு கடுமையான வரியால் கிடைத்ததென்ன? வருஷத்துக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் வருகிறது, வசூல் செய்யும் செலவோ அதிகம் என்று 1985-ம் ஆண்டு நிதி மந்திரி வி. பி. சிங் பாராளுமன்றத்தில் சொல்லி, அந்த வரியை எடுத்துவிட்டார். வேறு தேசங்களில் இது இன்னும் உண்டு. அமெரிக்காவில் 2024-ம் ஆண்டில் 1 கோடியே 36 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஆஸ்திக்கே மத்திய அரசின் வரி. உச்ச விகிதம் 40 சதவீதம்.

இனி வேதாகமத்தைப் பாருங்கள். நாபோத் என்பவன் தன் முன்னோர் விட்டுப்போன திராட்சத் தோட்டத்தை ஆகாப் அரசனுக்குக் கொடுக்க மறுத்தான். அதற்காக அவனைப் பொய்ச்சாட்சி வைத்துக் கொன்றார்கள். அந்த அநீதியைத் தேவன் தண்டியாமல் விடவில்லை. குடும்பத்தின் சுதந்தரம் அரசனும் அபகரிக்கக்கூடாத பொருள் என்பது இதனால் விளங்குகிறது. அதே தேவன் மோயீசன் வழியாக வேறொரு கட்டளையும் கொடுத்தார். 50-ம் வருஷமாகிய யூபிலி வருஷத்தில், வறுமையால் விற்கப்பட்ட நிலம் அதன் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். ஏன்? ஒரு குடும்பத்தின் பிதிரார்ஜிதம் வளர்ந்து வளர்ந்து மற்றக் குடும்பங்களின் பிதிரார்ஜிதத்தை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே. ஆக, சுதந்தரத்தைக் காப்பதும் அதற்கு எல்லை வைப்பதும் ஒரே நீதியின் இரண்டு பக்கங்கள்.

பாப்புமார்களும் இப்படியே போதித்தார்கள். தகப்பன் தன் மக்களுக்கு ஆஸ்தி தேடிவைப்பது இயற்கைச் சட்டத்துக்கு ஏற்ற உரிமை என்றும், மிதமிஞ்சிய வரியால் சொந்தச் சொத்தை உறிஞ்சிவிடுவது அநீதி என்றும் 13-ம் சிங்கராயர் 1891-ம் ஆண்டில் எழுதினார். அதே உரிமையை 1931-ல் உறுதிப்படுத்திய 11-ம் பத்திநாதர், சொத்தை உபயோகிக்கும் விதத்தைப் பொதுநன்மைக்காக அரசாங்கம் ஒழுங்குபடுத்தலாம் என்றும் சொன்னார். பூமியின் நன்மைகள் சகல மனிதருக்குமாகவே படைக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிவித்தது.

ஆகையால் வாரிசுச் சொத்துக்கு வரி போடுவதே திருட்டு என்று கத்தோலிக்கன் சொல்லக்கூடாது. வாரிசுச் சொத்தே திருட்டு என்றும் சொல்லக்கூடாது. வரம்பு எவ்வளவு, விகிதம் எவ்வளவு, வசூலான பணம் ஏழைக்குப் போய்ச் சேருகிறதா என்பவைதான் விவாதிக்க வேண்டியவை. அவற்றில் நல்ல கிறிஸ்தவர்களும் வேறுபட்ட அபிப்பிராயம் கொள்ளலாம். அவற்றைத் தீர்மானிப்பது பங்குக் குருவின் வேலையல்ல. அண்ணன் எனக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கும்படி சொல்லும் என்று ஒருவன் கேட்டபோது, நமது ஆண்டவரே பாகம் பிரிக்க மறுத்துவிட்டார். ஆனால் அவர் சும்மா விடவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரித்து, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்த அன்று இரவே செத்துப்போன மூடச் செல்வந்தனின் உவமையைச் சொன்னார்.

எங்களுக்குக் களஞ்சியம் ஏது, இந்தப் பேச்சு எங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள். அரை ஏக்கர் நிலத்துக்காகப் பத்து வருஷம் முகம் பாராத அண்ணன் தம்பிகள் ஒரே திவ்விய நன்மைக்கு வந்து முழந்தாளிடுவதில்லையா? கலியாணத்துக்குப் போட்ட நகையைக் காட்டி, கூடப் பிறந்தவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதில்லையா? கிரயப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதிவிட்டு, பணக்காரன் வரி கட்டுவதில்லை என்று குறை சொல்வதில்லையா? இவற்றுக்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. சில சென்ட் நிலமே போதும்.

மரண வரி 1985-ல் நீங்கிற்று. அது திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், தேவனுக்கு முன்பாக நமக்குள்ள கடன் நீங்கவில்லை. உயில் எழுதும்போது முதலில் கடன்களையும் கொடாத கூலியையும் தீர்த்துவிடுங்கள். மனைவிக்கும், உழைக்க இயலாத பிள்ளைக்கும் வழி செய்யுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் நீதியாய்ப் பிரியுங்கள். பிறகு ஏழைகளையும் நினையுங்கள். உன் பிள்ளைகளோடு கிறிஸ்துநாதரையும் ஒரு பிள்ளையாய் எண்ணிக்கொள் என்று அர்ச். அகுஸ்தீனார் தம் மக்களுக்குப் புத்தி சொன்னார். பெற்ற மகனைத் தள்ளிவிட்டுத் திருச்சபைக்கு எழுதிவைக்க வந்தவனுடைய சொத்தை வாங்கமாட்டேன் என்று சொன்னவரும் அவரே. மூன்று பிள்ளைகள் உள்ளவன் நான்காய்ப் பிரிக்கட்டும். அந்த நான்காம் பங்கு அண்டை வீட்டு விதவைக்கோ, படிப்பை நிறுத்திய ஏழைச் சிறுவனுக்கோ போய்ச் சேரட்டும். மரணம் மட்டும் காத்திராமல் உயிரோடிருக்கும்போதே கொடுத்தால் இன்னும் உத்தமம்.

நீங்கள் விட்டுப்போகும் ஆஸ்தி உங்கள் பிள்ளைகளைச் சண்டையிலல்ல, சமாதானத்தில் சேர்க்கும்படி சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு