உழவாரமும் அவுட்டோர் யூனிட்டும்

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைக் கோயிலில் திலகவதியார் அலகிட்டு மெழுகினார். அவர் தம்பி அப்பர் 7ஆம் நூற்றாண்டில் உழவாரம் ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். செதுக்கிய புல் அடுத்த மழைக்கு முளைக்கும். தெரிந்தேதான் செய்தார். நிலைக்காத தூய்மைக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வி, இன்று மாடியில் நிற்கும் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கும் பொருந்தும். காயிலைச் சுற்றிய மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே புழுதி அடைந்தால் அறையின் சூடு வெளியேறத் திணறும். கம்ப்ரசர் கூடுதல் மின்சாரம் இழுக்கும். மெயினை அணைத்து, தகடு வளையாமல் மெல்லிய பிரஷால் நீளவாக்கில் தேய்த்து, வேகமில்லாத தண்ணீர் விட்டால் போதும். மறுபடி படியத்தான் செய்யும்.

கோயில் பணி பக்தி, ஏசியைத் துடைப்பது கரண்டு பில்லுக்கான சுயநலம் என்பார்கள். பாதி உண்மை. பில் கட்டுபவர் ஒருவர். மின்சாரத்துக்காகப் பண்ருட்டிக்குப் பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் வேறொருவர். அனல்மின் நிலையப் புகையைச் சுவாசிப்பவர் இன்னொருவர். நோக்கம் சிறியதானாலும் பலன் வீட்டு மதிலோடு நிற்பதில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு: துப்புரவைப் புனிதம் என்று சொல்லிச் சொல்லியே அதைச் சிலர் தலையில் கட்டிய சமூகம் இது. ஆனால் அப்பர் ஆள் அனுப்பவில்லை, தாமே கருவியை எடுத்தார். மெக்கானிக்கிடம் கூலி பேரம் பேசுபவர் அவரைத் துணைக்கு அழைக்க முடியாது. சன்ஷேடில் இறங்கி நிற்பவருக்கு முழுக் கூலியும் இடுப்புக்கு ஒரு கயிறும் கொடுத்த பிறகுதான் தொண்டு என்ற பேச்சையே எடுக்கலாம்.