அளவெடுக்காமல் வெட்டிய துணி

நம் பங்குகளில் தையல் இயந்திரம் வழங்குவது ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. தவக்காலச் சேமிப்பில் சிறிது தொகை மிஞ்சினாலும், அன்பர் ஒருவரின் நன்கொடை வந்து சேர்ந்தாலும், கைம்பெண் ஒருவருக்குத் தையல் இயந்திரம் வாங்கித் தருவதென முடிவெடுக்க நமக்கு ஐந்து நிமிடம் போதும். தமிழக அரசும் இவ்வழியை நெடுங்காலமாக நம்பி வந்துள்ளது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக இலவசத் தையல் இயந்திரத் திட்டமே ஏற்படுத்தப்பட்டது. ஏழைப் பெண் என்றதும் நம் மனக்கண்ணில் உடனே ஒரு தையல் பொறி வந்து நிற்பது ஏன் என்று நாம் நம்மையே கேட்டுக்கொண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கின் அறப்பணிக் குழுவும் இப்படியொரு முடிவெடுத்தது. கணவரை இழந்து இரு பிள்ளைகளோடு வாழ்ந்த சகோதரி ஒருவருக்காக நால்வர் கடைக்குச் சென்றோம். இரு வகைகள் நம்முன் வைக்கப்பட்டன. ஒன்று, நம் அன்னையர் காலந்தொட்டு நாம் அறிந்த கறுப்புப் பொறி. வார்ப்பிரும்பு உடல், காலால் மிதிக்கும் பலகை, சக்கரத்தைச் சுற்றும் தோல் பட்டை. நேர்த்தையல் ஒன்றே அதற்குத் தெரியும். ஆனால் வேளா வேளைக்கு எண்ணெய் விட்டு வந்தால் இரு தலைமுறைக்கு உழைக்கும். பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்ய ஆள் உண்டு. மற்றொன்று வெண்ணிறத்தில், மின்சாரத்தால் இயங்குவது. ஓரம் அடிக்கும், பொத்தான் துளை போடும், சிறு பூவேலையும் செய்யும். எடை குறைவு, பழுதானால் நகரத்துக்குத்தான் தூக்கிச் செல்ல வேண்டும்.

அரைமணி நேரம் வாதிட்டோம். மின்கட்டணம், பிள்ளைகளின் விளையாட்டுக் கை, கூரையின் ஒழுக்கு என எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தோம். கடைக்காரர் மட்டும், “தைக்கப் போறவங்களைக் கூட்டிட்டு வரலீங்களா?” என்று கேட்டார். நாம் சிரித்துக்கொண்டே, “இது தானமாகக் கொடுப்பதற்கு” என்றோம். கேட்ட கேள்விக்கு அது விடையே அன்று என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை. கறுப்புப் பொறியை வாங்கினோம். அதன் பலகையில் பங்கின் பெயரை மஞ்சள் வண்ணத்தில் எழுதச் செய்தோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கைதட்டலும் புகைப்படமுமாக வழங்கினோம்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து வேறோர் அலுவலாக அவர் இல்லம் சென்றபோது, பொறி சுவரோரமாகத் துணி போர்த்தி நின்றது. அதன்மேல் மாதா சுரூபமும் பிள்ளைகளின் பாடநூல்களும். விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. அத்தெருவில் ஏற்கெனவே ஐந்து பெண்கள் ரவிக்கை தைத்து வந்தனர், ஆறாமவருக்கு வேலையில்லை. யாரிடமும் இல்லாதிருந்தவை, சேலைக்குப் பீக்கோ அடிக்கும் பொறியும் துணியின் விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் அடிக்கும் பொறியுமே. அந்த ஐவரும் அதற்காகத் துணிகளை நகரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். இது அவருக்கு நாம் கடைக்குச் செல்லும் முன்பே தெரியும். முன்னரே சொல்லியிருக்கலாமே என்றோம். “குடுக்கிறவங்ககிட்ட இது வேணாம், அது வேணும்னு சொல்லலாமாங்க ஐயா?” என்றார்.

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம் வழக்கு. மாட்டைக் கொடுத்தவர்கள்தாம் இதைக் கட்டியிருக்க வேண்டும். பெற்றவனுக்கு அது உழ வேண்டிய மாடு. பல்லைப் பார்க்காமல் அவன் வேறெதைப் பார்ப்பான்?

பணம் நம்முடையது என்பதால் தேர்வும் நம்முடையதாகிவிடுமா? இதற்கு எளிதாக விடை சொல்லிவிட முடியாது. பங்கின் பணம் பிறர் உண்டியலில் இட்ட பணம். அதற்கு நாம் கணக்குச் சொல்லியாக வேண்டும். தொகையாகவே கையில் கொடுத்தால் அது கந்துவட்டிக்காரனிடம் போய்விடும் என்று குழுவில் ஒருவர் எப்போதும் சொல்வார். அவர் சொல்வது பல வேளைகளில் நடப்பதுதான். ஆனால் வாரந்தோறும் வட்டி கட்டி உருகும் ஒருத்திக்குக் கடனை அடைப்பதைவிடத் தையல் பொறி மேலான நன்மை என்று தீர்ப்பிட நாம் யார்? இதில் நமக்கு இன்னும் தெளிவில்லை. நாம் அவரிடம் கேட்கவே இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

எரிகோவில் வழியோரம் அமர்ந்து இரந்த பர்த்திமேயுவை மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர் பார்வையற்றவர், அவருக்கு என்ன வேண்டும் என்பதைச் சிறு குழந்தையும் சொல்லிவிடும். ஆயினும் அவருக்குத் தாம் என்ன செய்ய வேண்டுமென ஆண்டவர் அவரிடமே கேட்கிறார். எல்லாம் அறிந்தவர் கேட்டார். ஒன்றும் அறியாத நாம் கேட்காமலே வாங்கினோம். அவரைப் பேசாதிருக்கும்படி அதட்டிய கூட்டமும் அங்கே இருந்தது. அக்கூட்டத்தில் நம் இடம் எது என்று தேட வேண்டியதில்லை.

கேட்டுவிட்டால் மட்டும் போதும் என்பதும் இல்லை. பங்கு அலுவலகத்தில் மேசைக்கு இப்புறம் அமர்ந்துகொண்டு, எதிரே நிற்பவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், “உங்க இஷ்டம்ங்க” என்பதுதான் மறுமொழியாக வரும். அதை நாம் பணிவு என்று பாராட்டுவோம். உண்மையில் அது அச்சம். 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசானாமும் அவர்தம் நண்பர்களும் வறியோர்க்கு உதவப் புறப்பட்டபோது, அவர்களுடைய இல்லங்களுக்கே தேடிச் சென்றனர். அவர்தம் வீட்டில், அவர் தந்த பாயில் நாம் அமர்ந்திருக்கும்போது பேச்சு வேறாகிறது. பீக்கோ பற்றிய உண்மை நமக்குக் கிடைத்ததும் அப்படித்தான்.

இயந்திர மோகத்தைக் கடிந்த காந்தியடிகள் 1924இல் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி ஊசியும் நூலுமாய்ப் படும் பாட்டைக் கண்டு இரங்கியே சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் கூறிய காரணம். 1851இல் காப்புரிமை பெற்ற சிங்கரின் வாழ்க்கை அத்துணைக் கனிவானதன்று. அவர் பெரிதும் வணிகர். கதை பிழையாயினும், ஒருவர் அருகிருந்து மற்றவர் படும் பாட்டைக் கண்டதில் ஒரு பொறி பிறந்தது என்று காந்தியடிகள் எண்ண விரும்பினாரே, அது நம்மை உறுத்துகிறது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும், தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணையாவதும் உண்டு, ஏறத்தாழப் பகையாய் மாறுவதும் உண்டு என்றார். சுவரோரம் நின்ற நம் பொறி பகையன்று. ஆனால் துணையும் ஆகவில்லை.

யோப்பாவில் தபித்தா இறந்தபோது, அவர் தங்களோடிருந்த நாளில் செய்து தந்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் அழுதபடியே காட்டினார்கள். அவர்கள் கையில் எடுத்துக் காட்டியது, தங்கள் உடலுக்கென்று தைக்கப்பட்ட துணி. தையற்காரர் எவரும் அளவெடுக்காமல் கத்தரியைக் கையில் எடுப்பதில்லை. அளவெடுக்க ஆள் எதிரே நின்றாக வேண்டும்.

அடுத்த முறை வேறொரு சகோதரியை உடன் அழைத்துச் சென்றோம். அவர் ஒவ்வொரு பொறியின் முன்னும் அமர்ந்தார். மிதிபலகையில் கால் வைத்துப் பார்த்தார். துண்டுத் துணியில் தைத்து, அதைத் திருப்பி அடிப்பக்கத் தையலைப் பார்த்து, இரு கட்டை விரல்களால் இழுத்தும் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இறுதியில் புதியவை எதையும் வேண்டாமென்று, மூலையில் கிடந்த பழைய ஓவர்லாக் பொறி ஒன்றைக் கேட்டார். புதியதையே எடுத்துக்கொள்ளுமாறு இருமுறை வற்புறுத்தினோம். நமக்கு உள்ளூரச் சினம் வந்ததை மறைப்பதற்கில்லை. பங்கு மக்கள் முன் பழைய பொறியையா வழங்குவது? அவர் அசையவில்லை. கடைக்காரர் மிச்சத் தொகையை எண்ணி நம்மிடம் தந்தார்.

பொறியின் பலகையில் அதை முன்பு வைத்திருந்த தையற்கடையின் பெயர் பாதி அழிந்து கிடந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் பங்கின் பெயரை எழுதலாமா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, அவர் வெளியே சென்று ஓர் ஆட்டோவை நிறுத்திவிட்டார்.