யாரோ கொடுத்த பத்து நாள்

இகத்புரியில் பணம் வாங்கும் மேசை கடைசியில்தான் திறக்கிறது. அதற்கு முன் புதிதாக வந்தவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் ஒரு ரூபாய்கூட வாங்கமாட்டார்கள். பத்து நாள் பயிற்சியை முழுதாக முடித்தவர்தான் நன்கொடை தரலாம். பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவரிடம், தங்கிய நாளுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றாலும் நடக்காது. முடித்தவர் கொடுப்பதும் தான் தின்ற சோற்றுக்கு விலையாக அல்ல. இனிமேல் வரப்போகிறவருக்காக. அப்படியானால் அங்கே நான் உண்டது, எனக்கு முன்னால் அதே பந்தியில் உட்கார்ந்து எழுந்துபோன, முகம் தெரியாத யாரோ ஒருவர் போட்ட சோறு.

மும்பையிலிருந்து நாசிக் போகும் ரயில் பாதையில், கசாரா கணவாய் ஏறி முடித்ததும் வருகிற ஊர் இகத்புரி. சஹ்யாத்திரி மலையின் மேல் விளிம்பு. மழைக்காலத்தில் சரிவு முழுக்க அருவிகள் இறங்கும். எதிரே இருக்கும் கட்டடம் மறைகிற அளவுக்கு மேகம் வந்து தரையில் உட்கார்ந்துவிடும். ஊரை ஒட்டிய மேட்டில், தங்க நிறக் கோபுரத்தோடு நிற்கிறது தம்மகிரி. 1976 முதல் அங்கே விபாசனா தியானப் பயிற்சி நடக்கிறது. அதைத் தொடங்கியவர் சத்ய நாராயண கோயங்கா. பர்மாவின் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வணிகர். 1969இல் இந்தியா வந்து மும்பையில் முதல் பயிற்சியை அவர் நடத்தியபோது, எதிரே உட்கார்ந்திருந்த சிலரில் அவருடைய தாயும் தந்தையும் இருந்தார்கள்.

உடம்பும் மனமும் தேற ஊரைவிட்டு விலகிப் போய்த் தங்கும் இடங்கள் இன்று எத்தனையோ வந்துவிட்டன. கேரளத்து உப்பங்கழி ஓரம், ரிஷிகேஷ், கொடைக்கானல் என்று எங்கும் உண்டு. பணம் கட்டித் தங்கும் அப்படி ஓர் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். நல்ல இடம். எண்ணெய் தேய்த்த பெண்ணின் கைகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஆனால் அங்கே இருந்த நாளெல்லாம் என் மனம் ஒரு வேலையை விடாமல் செய்தது. கொடுத்த காசுக்கு இது தகுமா என்று ஒவ்வொன்றையும் எடை போட்டது. கஞ்சியில் உப்புக் குறைந்தால் அது எனக்கு நேர்ந்த நட்டமாகத் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் மற்றவர்களின் பேச்சும் அதைச் சுற்றியே போனது: எந்த அறையிலிருந்து மலை தெரிகிறது, யாருக்கு எத்தனை நாள் எண்ணெய்ப் பிழிச்சல், போன தடவைக்கு இந்தத் தடவை சேவை எப்படி. காசு கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு, அதில் தப்பில்லை. அந்த உரிமை தூங்கவே தூங்காது என்பதுதான் சிக்கல். ஓய்வெடுக்கப் போனவளுக்குள் கணக்குப்பிள்ளை ஒருவன் விடிய விடிய விழித்திருந்தான்.

தம்மகிரியில் அவனுக்கு வேலை இல்லை. எதற்கும் விலை கட்டாதவளுக்குக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒலிப்பதிவாகக் கேட்கும் தன் மாலைச் சொற்பொழிவில் கோயங்கா இதை வெளிப்படையாகவே சொல்கிறார். பிறர் இடுவதை உண்டு வாழும் துறவியைப் போல இந்தப் பத்து நாளும் இருக்க வேண்டும், இடுவதை அப்படியே ஏற்கப் பழக வேண்டும் என்பது அவர் சொல்வதன் சாரம். கையேந்துவது தாழ்வு என்றே நாமெல்லாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். யாருக்கும் கடன்படாமல் இருந்துவிட்டால் அது நிமிர்ந்த வாழ்க்கை என்று நானும் நம்பி வந்தவள்தான். கையேந்துவதே மருந்தாக முடியும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

இடுவது ஒன்றும் விருந்து அல்ல. விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும். ஆறரை மணிக்கு அவலோ உப்புமாவோ. பதினோரு மணிக்குச் சப்பாத்தி, சோறு, பருப்பு, ஒரு காய். மாலை ஐந்துக்குப் பொரியும் பழமும் தேநீரும். முன்பே ஒரு பயிற்சி முடித்தவர்களுக்கு அதுவும் கிடையாது, எலுமிச்சைச் சாறு மட்டும். தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும். கைப்பேசி, புத்தகம், பேனா, தாள் எல்லாவற்றையும் முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேச்சு கிடையாது, கண் ஜாடைகூடக் கூடாது. முதல் மூன்றரை நாள் மூக்கின் வாசலில் போய் வரும் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். அதன் பிறகு தலை முதல் கால் வரை உடம்பில் எழும் உணர்ச்சிகளை, வந்தது வரட்டும் போவது போகட்டும் என்று பார்த்திருக்க வேண்டும். நாலாம் நாளுக்குப் பிறகு தினமும் மூன்று வேளை, ஒவ்வொரு மணி நேரம், கை கால் அசைக்காமல் உட்கார வேண்டும்.

இது சுகம் தரும் இடம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முட்டி கடுக்கும், முதுகு எரியும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சும் வேலையும் மூடி வைத்திருந்த பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக மேலே வரும்போதுதான் தாங்குவது கடினம். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பலருக்கு ஓடிப்போகத் தோன்றும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். எங்கள் வரிசையிலும் ஒரு மெத்தை ஒருநாள் காலியானது. விண்ணப்பத்திலேயே மனநோய்க்கு மருத்துவம் பார்த்ததுண்டா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் எழுத வேண்டும் என்பதைப் போக நினைக்கும் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். இத்தனை மௌனம் எல்லா மனதுக்கும் ஏற்ற மருந்து அல்ல.

கோயங்காவே நலம் தேடித்தான் முதலில் போனார். அவருக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு முற்றி, வெளிநாட்டு மருத்துவர்களையெல்லாம் பார்த்துத் தீராமல், 1955இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போய் நின்றார். ஊ பா கின் துறவி அல்ல. பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் தலைமைக் கணக்காயராக ஆனவர், மனைவி மக்களோடு வாழ்ந்த அரசு ஊழியர். தலைவலிக்கு மருந்தாக இதைக் கேட்டு வந்தால் இடமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். மனம் தெளியவேண்டும் என்று வா, தலைவலி போவது அதன் ஓரமாக நடக்கும் என்றாராம். இந்தக் கதையைக் கோயங்கா பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இன்றைய நல்வாழ்வு விடுதிகளின் வாசலில் இப்படித் திருப்பி அனுப்ப ஓர் ஆள் இருக்கமாட்டார். இன்ன நோய்க்கு இத்தனை நாள் என்று பட்டியலே ஒட்டியிருக்கும்.

பத்தாம் நாள் முற்பகலில் பேச்சு விடுதலையாகிறது. அன்றைய இரைச்சலைச் சொல்லி மாளாது. ஒரே கூரையின் கீழ், ஒரே மணிக்கு எழுந்து, ஒரே பருப்பைத் தின்றவர்கள் நாங்கள். வாயைத் திறந்ததும், ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் தங்கியிருந்தது தெரிந்தது. புனேயிலிருந்து வந்த இளம்பெண், தன் வாழ்க்கையில் இவ்வளவு நாள் யாரும் தன்னை எதற்கும் தேடாமல் இருந்ததில்லை என்றாள். சொல்லும்போது அவளுக்கு அது மகிழ்ச்சியா பயமா என்று பிடிபடவில்லை. தினமும் காலையில் என் கதவருகே கைமணி ஆட்டி எழுப்பிய தம்ம சேவகர் நாக்பூர்க்காரர், தையல்கடை வைத்திருப்பவர். 1956 அக்டோபரில் பாபாசாகேப் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியபோது அந்தப் பெருங்கூட்டத்தில் அவருடைய பாட்டி இருந்தாராம். அவருக்கு இது ஓய்வுக்கான இடமும் அல்ல, மருத்துவமனையும் அல்ல. பாட்டி நடந்துபோய் அடைந்த வீடு. நான் நன்றி சொன்னேன். “எனக்கு எதுக்கு நன்றி? போன வருஷம் எனக்கு யாரோ மணி அடிச்சாங்க, இப்ப நான் அடிக்கிறேன்” என்றார் இந்தியில். சேவகர்களுக்குச் சம்பளம் கிடையாது. முன்பு பயிற்சி முடித்தவர்கள் தங்கள் விடுமுறையை எடுத்துக்கொண்டு வந்து செய்வது.

தமிழில் சொற்பொழிவு கேட்க எங்கள் சிலருக்குத் தனி அறை ஒதுக்கியிருந்தார்கள். ஒலிப்பதிவைக் கேட்டபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இரவுதோறும் அங்கே உட்கார்ந்திருந்தோம். அவர்களில் ஒருவர் தாராவியில் பிறந்தவர். தாய்தகப்பன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். அவர் நான்கு வீடுகளில் சமையல் செய்கிறார்.

“இந்தப் பருப்புல என்னக்கா குத்தம் சொல்லிட்டு இருந்துச்சுங்க அந்தப் பிள்ளைங்க? நான் சமைக்காத சோறு, சூடா, தட்டுல. மொத ரெண்டு நாளு உக்காந்து சாப்பிடவே கூச்சமா இருந்துச்சு, பாத்துக்கிடுங்க. உள்ள போயி காய் நறுக்கித் தரட்டுமான்னு கேக்கலாம்னா, வாயத் தொறக்கப்பிடாதே.”

நாலு வீட்டு வேலையை விட்டுவிட்டு எப்படி வர முடிந்தது என்று கேட்டேன். “எனக்குப் பதிலா எம் மவ போறா. காலேசு லீவுல இருக்கா” என்றார்.

அந்தப் பதிலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தங்கவும் உண்ணவும் காசு வேண்டாம் என்று ஓர் இடம் சொல்லிவிடலாம். பத்து நாளை எங்கிருந்து கொண்டுவருவது? மகாராஷ்டிர அரசு தன் ஊழியர்களுக்கு இந்தப் பயிற்சிக்கென விடுப்பு எடுக்க வழி செய்திருக்கிறது. திகார் சிறையில் 1994இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே சமயத்தில் இதில் உட்கார்ந்தார்கள். கிரண் பேடி அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த காலம் அது. அரசு வேலைக்காரருக்கு நாள் கிடைக்கிறது, சிறையில் இருப்பவருக்கும் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவில், அன்றாடம் கூலிக்குப் போகிறவருக்கும் வீட்டில் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும்தான் கிடைப்பதில்லை. அதிகம் களைத்திருப்பவர்களும் அவர்கள்தான்.

இந்த முரண்பாடு காந்தியை உறுத்தியிருக்கிறது. ஏழைகளுக்கான இயற்கை மருத்துவமனையை முதலில் புனே நகரத்தில் நடத்தத்தான் அவர் நினைத்தார். ஏழைகள் இவ்வளவு தூரம் ஏறி வரமாட்டார்கள், மருத்துவம்தான் அவர்களிடம் போகவேண்டும் என்று பிறகு மனத்தை மாற்றிக்கொண்டு, 1946 மார்ச்சில் புனேக்குக் கிழக்கே உள்ள உருளி காஞ்சன் கிராமத்துக்குப் போய் உட்கார்ந்தார். சில நாள்தான் அங்கே இருந்தார். வெந்நீர், மண், சூரிய ஒளி, எளிய உணவு, ராம நாமம் என்று கிராமத்தாருக்கு அவரே சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் அந்த ஆசிரமத்தை நடத்தியவர் மணிபாய் தேசாய் என்ற இளைஞர். கடைசிவரை அந்தக் கிராமத்திலேயே இருந்தார். ஆசிரமம் இன்றும் நடக்கிறது. தூரத்து மலைக்குப் போய் அமைதி தேடும் எனக்கு, அமைதியைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்ன ஊருக்குப் போன அந்தக் கிழவரின் யோசனைதான் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் வீட்டில் அத்தைக்குப் பக்கவாதம் வந்து நாளாகிறது. வேளைக்குப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கரண்டியால் ஊட்ட வேண்டும். நான் கிளம்ப முடிந்ததற்குக் காரணம் என் நாத்தனார். “அண்ணி, போயிட்டு வாங்க. எங்கம்மாவ நான் பாத்துக்கமாட்டனா?” என்று பையோடு வந்து இறங்கினாள். நான் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் திருச்சியில் அவள் தன் கையால் செய்து கொடுத்தாள். எங்கள் ஒவ்வொருவருடைய மௌனத்துக்கும் பின்னால் இப்படி ஓர் ஆள் உண்டு. தாராவி அம்மாவின் மகள், புனேப் பெண்ணின் அலுவலக வேலையைச் சேர்த்துப் பார்த்த யாரோ ஒரு தோழி. நன்கொடைச் சீட்டில் இவர்கள் பெயர் வராது. கட்டணம் கட்டித் தங்கும் விடுதியிலும் இவர்கள் உண்டு. அங்கே பில்லைக் கட்டியதும் கணக்கு முடிந்தது போலத் தோன்றிவிடுவதால் கண்ணில் படுவதில்லை. தம்மகிரியில் எனக்குக் கிடைத்த தெளிவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். தியானம் எனக்கு எவ்வளவு கைகூடியது என்று தெரியாது. நான் ஓய்ந்திருந்தது பலர் சேர்ந்து செய்த காரியம் என்பது தெரியும்.

வந்ததும் நாத்தனாரிடம் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். நம் பக்கத்திலேயே சென்னையிலும் திண்டுக்கல் பக்கமும் மையங்கள் இருக்கின்றன. முதலில் சிரித்தாள். பிறகு, என் கணவரும் நானும் இங்கே அத்தையைப் பார்த்துக்கொண்டால் அவள் வீட்டில் பிள்ளைகளுக்கும் மாமனாருக்கும் யார் சமைப்பது என்று கேட்டாள். இரண்டு வீட்டையும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். அத்தையை என் கணவர் பார்த்துக்கொள்வது, அவள் வீட்டுக்கு நான் போவது என்று முடிவானது. அலுவலகத்தில் விடுப்புக்கு அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார், நானும் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இடம் கிடைக்க வேண்டும். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.