தன் தோஷம் காணுமிடம்

ஆழ்வார்களும் ஆசாரியர்களும் தம்மைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்ளும் இடங்களை நைச்சியாநுஸந்தானம் என்று பெரியோர் வழங்குவர். அவ்விடங்களை நாமும் நாள்தோறும் அநுஸந்திக்கிறோம். சிலருக்குக் கண்ணீர் பெருகுவதும் உண்டு. ஆனால் தம்மிலும் தாழ்ந்தவர் உலகில் இல்லை என்று சந்நிதியில் விண்ணப்பித்துவிட்டு இல்லம் திரும்பிய ஒருவரிடம், "நேற்று நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல் தகாது" என்று வீட்டார் கூறினால், அக்கணமே அவர் முகம் மாறிவிடுகிறது. அத்தனை குற்றங்களையும் ஒருசேர ஒப்புக்கொண்டவருக்கு, அவற்றுள் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வது ஏன் இத்தனை கடினமாயிருக்கிறது?

அடியேன் வங்கியில் கணக்கோடு காலம் கழித்தவன். அங்கே சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. இன்ன வகையென்று பிரித்தறியாத தொகைகளை அப்போதைக்கு அதில் போட்டுவைப்பார்கள். மொத்தம் சரியாக இருக்கும். எந்தத் தொகை எவருடையது என்பது மட்டும் தெரியாது. நம்மில் பலருடைய நைச்சியம் இந்தக் கணக்கைப் போன்றது. ஆழ்வார்களின் நைச்சியம் அப்படிப்பட்டதன்று. திருமாலையின் 45 பாசுரங்களில் தொண்டரடிப்பொடியாழ்வார் தம் குறையைச் சொல்லுமிடத்தில், பொதுவாகப் பாவி என்று சொல்லி நின்றுவிடவில்லை. அந்தணர்க்குரிய அக்நி காரியத்தைக் கைவிட்டது முதலாக, தாம் இழந்தவற்றைப் பெயர் சொல்லி எடுத்துரைக்கிறார்.

திருக்கோளூர்ப் பெண்பிள்ளையின் வார்த்தைகளும் இவ்வகையினவே. எம்பெருமானார் அத்திவ்யதேசத்துக்கு எழுந்தருளும்போது ஒரு பெண்பிள்ளை ஊரைவிட்டு வெளியேறிக் கொண்டிருந்தாள். எல்லாரும் புக விரும்பும் ஊரிலிருந்து நீ புறப்படுவானேன் என்று அவர் வினவ, அவள் 81 பேரைச் சொல்லி, அவர்கள் செய்ததைத் தான் செய்ததுண்டோ என்று கேட்டாள். அக்ரூரரில் தொடங்கும் அவ்வரிசையில், வழிநடையில் பெருமாளுக்கு அடிமை செய்த இளையபெருமாளும் வருகிறார். தன்னிடம் இல்லாதவற்றை இத்தனை நுட்பமாக அறிந்தவளை அறிவில்லாதவள் என்று எவர் சொல்வார்? அவளுடைய குறைப்பட்டியலே அவளுடைய ஞானத்துக்குச் சான்றாகிவிட்டது.

அத்திருக்கோளூரிலேயே, சில ஆண்டுகளுக்கு முன், அடியேனுடைய நெடுநாள் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு, எழுதுவதற்கு அவரே இசைந்தார். கோடை விடுமுறையில் மனைவி, மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி ஆகியோரோடு நவதிருப்பதி யாத்திரை சென்றார். தாமிரபரணிக் கரையில் அடுத்தடுத்து அமைந்த ஒன்பது தலங்களையும் திருநெல்வேலியில் தங்கி ஒரே நாளில் ஸேவித்துவிடலாம். நண்பகலில் நடை சாத்துவதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். நண்பர் எதையும் திட்டமிட்டுச் செய்பவர். ஒவ்வொரு கோயிலுக்கும் இத்தனை நிமிடம் என்று அட்டவணை எழுதி, ஆளுக்கொரு நகலும் கொடுத்திருந்தார்.

ஸ்ரீவைகுண்டத்திலேயே பத்து நிமிடம் தாமதம். நத்தத்தில் பேத்திக்குத் தாகம். திருப்புளிங்குடியில் மருமகள் பெருமாளின் திருவடியைத் தனியே ஸேவிக்க விரும்பி நின்றுவிட்டாள். ஒவ்வோர் இடத்திலும் நண்பரின் குரல் சற்று உயர்ந்தது. இரட்டைத் திருப்பதி, பெருங்குளம், தென்திருப்பேரை எல்லாம் முடித்து, எட்டாவதாகத் திருக்கோளூருக்கு வண்டி வந்து நின்றபோது இருட்டத் தொடங்கிவிட்டது. எல்லாரும் இறங்கினார்கள். அவருடைய தேவிகள் மட்டும் இறங்கவில்லை.

"நீங்க போய் ஸேவிச்சுட்டு வாங்கோ. நான் இங்கேயே இருக்கேன்."

முழங்கால் வலியோ என்று கேட்டாராம்.

"வலி இருக்கு. அதுக்காக இல்லை. ஏழு கோயில்லயும் நான் பெருமாளை ஸேவிக்கலை. உங்க கடிகாரத்தைத்தான் ஸேவிச்சேன். இங்கேயாவது உக்காந்து கண்ணை மூடிண்டு ஸேவிச்சுக்கறேனே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்றார் நண்பர். அந்த அம்மையார் கோபிக்கவில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவே. மகன் கையிலிருந்த அட்டவணையைப் பார்த்தான். மருமகள் கோபுரத்தைப் பார்த்தாள். அவர்கள் இருவரும் எதுவும் பேசாதிருந்ததிலிருந்து, இது இன்று தோன்றியதன்று, நெடுநாளாக எல்லாரும் அறிந்தது, தாம் ஒருவரே அறியாதது என்று அவருக்குப் புரிந்ததாம்.

இது யாத்திரையில் தெரிந்து, வீட்டில் நாற்பது ஆண்டுகள் தெரியாமற்போனது எப்படி என்பதைச் சிந்திக்க வேண்டும். வீட்டில் ஒருவருடைய குற்றத்தைச் சுற்றி மற்றவர்கள் பாதை அமைத்துக்கொண்டு விடுகிறார்கள். காபி ஒரு நிமிடமும் தவறாமல் வருகிறது. செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் வைக்கப்படுகிறது. அவர் உண்ணும்வரை குழந்தை பக்கத்து அறையில் விளையாடுகிறது. கோபத்துக்கு வேலையே இராதபடி எல்லாம் நடப்பதால், தமக்குக் கோபமே வருவதில்லை என்று அவர் நினைக்கிறார். அலுவலகத்திலும் அப்படித்தான். மேலாளரின் அறைக்குள் எப்போது போகலாம், எப்போது போகலாகாது என்பது கடைநிலை ஊழியர்வரை அனைவருக்கும் தெரிந்திருக்கும். வாடகை வண்டியில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஓட்டுநருக்கு இவரைத் தெரியாது, பட்டருக்குத் தெரியாது, வெயிலுக்கும் தெரியாது. ஆகவே, மற்றவர்கள் இதுவரை தாங்கிநின்ற பாரம் முதன்முறையாக வெளியே தெரிகிறது. நெடும்பயணம் போய்வந்த குடும்பங்களில் சில நாட்கள் பேச்சுக் குறைந்திருப்பதற்கு அலைச்சலைக் காரணமாகச் சொல்வார்கள். அது மட்டுமே காரணம் என்று அடியேன் நம்பவில்லை.

இனி நம் ஸம்பிரதாயத்தை முன்னிட்டு ஒரு கேள்வி. பிள்ளைலோகாசாரியர் ஸ்ரீவசநபூஷணத்தில் விலக்க வேண்டியவற்றை நான்காகக் காட்டியருளினார்: அக்ருத்யகரணம், பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம். இவற்றுள் ஒன்றைக் காட்டிலும் அடுத்தது கொடியது. அதாவது, எம்பெருமானிடம் அபசாரப்படுவதைவிட அவனடியாரிடம் அபசாரப்படுவது பெரிய குற்றம். நண்பர் நடை சாத்துவதற்கு அஞ்சினார். ஸேவை கிட்டாமற்போனால் பெரிய இழப்பு என்று நினைத்தார். அந்த அச்சத்தின்பேரில், உடன்வந்த அடியாரை ஏழு சந்நிதிகளில் நொந்துகொள்ள வைத்தார். நான்கில் எதற்கு அஞ்சி எதில் விழுந்தார் என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

"மனைவி பாகவதர் ஆவாரோ?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்பதில்லை, நடத்தையால் கேட்கிறார்கள். கோஷ்டியில் முன்பின் தெரியாத ஸ்வாமியைக் கண்டால் தண்டன் ஸமர்ப்பித்து, "அடியேன்" என்று கைகட்டி நிற்பவர், அதே ஆசாரியரிடம் அதே பஞ்சஸம்ஸ்காரம் பெற்று, நாற்பது ஆண்டுகள் திருவாராதனத்துக்குத் தளிகை செய்து கொடுத்தவரிடம் வேறு குரலில் பேசுகிறார். பாகவத லக்ஷணத்தில் 'வீட்டுக்கு வெளியே இருப்பவர்' என்று ஒரு நிபந்தனை எங்கும் சொல்லப்படவில்லை.

நண்பருக்கு இதில் ஐயமில்லை. அவருக்கு இருந்த ஐயம் வேறு. "பெருமாளிடம் அபராத க்ஷமாபணம் செய்துகொண்டேன், போதாதா? அவளிடமே கேட்க வேண்டுமா? நம் ஆத்தில் அப்படியொரு வழக்கமில்லையே" என்றார். கணவன் மனைவியிடம் மன்னிப்பு வேண்டுவது நம் தலைமுறைக்குக் கூச்சமான செயல்தான். சொல்லாமலே உணர்த்திவிட முடியும் என்பாரும் உளர். அதிலும் உண்மை இல்லாமலில்லை. அன்று அவர் வண்டியிலேயே அமர்ந்துவிட்டார். அம்மையார் தாமாக எழுந்தபின், அவருடைய நடைக்கு நடந்து உள்ளே போய், வைத்தமாநிதிப் பெருமாளின் கிடந்த திருக்கோலத்தைத் திருவடி தொடங்கித் திருமுடிவரை அவர் போதுமென்னும் வரையில் ஸேவித்தார்கள். ஆழ்வார்திருநகரியில் அதற்குள் நடை சாத்திவிட்டார்கள். இரவு ரயிலை விட்டுவிட்டு, மறுநாள் காலை ஆழ்வாரை ஸேவித்தபின் பேருந்தில் ஊர் திரும்பினார்கள். இது வார்த்தைக்கு ஈடாகுமா?

அடியேன் அவருக்கு அம்பரீஷனுடைய சரித்திரத்தை நினைவூட்டினேன். அதுவும் நேரத்தைப் பற்றிய கதையே. துவாதசி கழிவதற்குள் பாரணை செய்ய வேண்டும். நீராடச் சென்ற அதிதியான துர்வாசரோ வரவில்லை. அரசன் தீர்த்தம் மட்டும் உட்கொண்டு அவருக்காகக் காத்திருந்தான். முனிவர் வந்து சினந்து ஏவிய பூதத்தை அழித்த திருவாழி, அவரையே துரத்தியது. பிரமனிடம் ஓடினார், சிவனிடம் ஓடினார், கடைசியில் ஸ்ரீவைகுண்டநாதன் திருவடியிலேயே விழுந்தார். அவனோ, தான் அடியார்க்கு வசப்பட்டவன் என்று சொல்லி, எவனிடம் அபசாரப்பட்டீரோ அவனிடமே போம் என்று திருப்பி அனுப்பிவிட்டான். கணினி வருவதற்கு முன்பு வங்கியிலும் இதுவே விதி: தலைமை அலுவலகத்துக்கே போய் முறையிட்டாலும், கணக்கைத் தொடங்கிய கிளைக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

துர்வாசர் அந்தணர், தவசி, வயதில் மூத்தவர். அம்பரீஷன் க்ஷத்திரியன், இல்லறத்தான். அப்படியிருந்தும் முனிவர் அவன் காலைப் பற்றினார். அரசன் அதைக் கண்டு நாணி, திருவாழியைத் துதித்து அவரைக் காத்தான். முனிவர் திரும்பி வந்தபோது ஓராண்டு கடந்திருந்தது. அதுவரையில் அவன் தீர்த்தம் தவிர வேறொன்றும் உட்கொள்ளவில்லை. முதலில் அவரை அமர்த்தி வயிறார அமுதுசெய்வித்தான். அதன்பின்பே தான் உண்டான்.

நண்பர் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "துர்வாசருக்கு ஓராண்டுதான் ஆயிற்று" என்றார்.