இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள்

போர் நடக்கும் ஊரில் ஓர் இடத்தைப் பத்திரமான இடமாக்க ஒரு தரப்பின் வாக்கு போதாது. எதிரே நிற்பவனும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் தடைசெய்யப்பட்ட இயக்கத்தைச் சேர்ந்தவன் என்றாலும் யாராவது போய் அவனிடம் பேசித்தான் ஆக வேண்டும். கொலைப் பழி சுமப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது நியாயமா? இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா.

அக்கா இலங்கையின் கிளிநொச்சிக்காரர். அங்கே நடந்த போருக்குப் பிறகு தாம்பரத்தில் இருக்கும் மகனிடம் வந்து சேர்ந்தவர். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் தாழப் பறந்தால், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார். சத்தம் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஆகும். யுத்தத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கப்பலைப் பற்றி மட்டும் கேட்காமலே சொல்வார்.

2009-இல் புதுமாத்தளன் கடற்கரையில் நடந்தது அது. ஷெல் பட்டுக் கால் சிதைந்த அம்மாவோடு அக்கா அங்கே காத்திருந்தார். “காலமை தொடங்கி மணலில கிடத்தி வைச்சிருந்தம் தம்பி. கப்பல் தூரத்தில நிண்டது. ரெண்டு பக்கமும் ஓம் எண்டாத்தான் ஏத்துவினம் எண்டு டொக்டர் சொன்னவர். ஓம் எண்ட பிறகு மீன்பிடி வள்ளத்தில தூக்கிக்கொண்டு போய் ஏத்தினது.” சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி பறந்த கப்பல் அது. பிப்ரவரி 10 முதல் மே 9 வரை காயம்பட்டவர்கள், நோயாளிகள், உடன் வந்த உறவினர்கள் என ஏறக்குறைய 14,000 பேரைக் கடல் வழியாக அப்படி வெளியே கொண்டுவந்தார்கள். கடலில் இலங்கைக் கடற்படை, கரையில் விடுதலைப் புலிகள். ஒவ்வொரு பயணத்துக்கும் இரு தரப்பின் சம்மதமும் தேவைப்பட்டது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே மாதங்களில் இலங்கை அரசு ‘பாதுகாப்பு வலயம்’ என்று மூன்று முறை அறிவித்தது. ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று, மே மாதம் இன்னொன்று. மூன்றும் ஒருதலையான அறிவிப்புகள். எதிர்த்தரப்போடு பேசி எல்லை வகுத்ததில்லை. ஆயுதம் உள்ளே வராது என்ற உடன்பாடும் இல்லை. ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கை, மூன்று வலயங்களுக்குள்ளும் அரசு குண்டு வீசியதையும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் சேர்த்தே சொல்கிறது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றும் அது எழுதியது. பாதுகாப்பு வலயம் என்ற பெயரை நம்பிப் போனவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

யாழ்ப்பாணம் மருத்துவமனையின் கதையும் இதையே சொல்கிறது. இந்தியர்களான நாம் அதை மறக்கக் கூடாது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். நம் அமைதிப்படை அந்த மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டதில் நோயாளிகள், தாதியர், மருத்துவர்கள் என அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். புலிகள் உள்ளிருந்து சுட்டார்கள் என்றது படை. ஆயுதம் ஏந்தியவர்களுக்கும் வார்டில் படுத்திருந்தவர்களுக்கும் நடுவே நிற்க அன்று ஒருவரும் இல்லை. அடுத்த போர் 1990-இல் மூண்டது. செஞ்சிலுவைச் சங்கம் கொழும்போடும் புலிகளோடும் பேசி, அதே மருத்துவமனையைச் சுற்றி ஒரு பாதுகாப்பு எல்லை வகுத்தது. உள்ளே ஆயுதம் வரக் கூடாது, வெளியிலிருந்து ஷெல் விழக் கூடாது. மூடிக்கிடந்த மருத்துவமனை மறுபடி இயங்கியது. கட்டடம் அதேதான், இயக்கமும் அதேதான். எதிரே நின்ற படை வேறு என்றாலும், முக்கிய வித்தியாசம் நடுவில் நின்று பேச ஆள் இருந்ததுதான்.

பேசினால் பயங்கரவாதிக்கு அங்கீகாரம் கொடுத்ததாகிவிடாதா என்பார்கள். இதற்கான பதில் 1949-லேயே எழுதப்பட்டுவிட்டது. நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான மூன்றாவது பிரிவு, பாரபட்சமற்ற மனிதநேய அமைப்பு எந்தத் தரப்புக்கும் உதவ முன்வரலாம் என்கிறது. அதனால் எந்தத் தரப்பின் சட்ட அந்தஸ்தும் மாறாது என்றும் கூடவே சொல்லிவிடுகிறது. ஆனாலும் அரசுகளுக்குப் பயம் போகவில்லை. புலிகளுக்கும் குர்திஷ் இயக்கத்துக்கும் சர்வதேசச் சட்டத்தையும் சமாதான வழிகளையும் கற்றுக்கொடுக்க விரும்பியவர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். சில தமிழ் அமைப்புகளும் மனுதாரர்கள். 2010 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், அப்படிக் கற்பிப்பதும் பயங்கரவாதத்துக்கு உதவுவதே என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. குண்டு வைக்காதே என்று சொல்லிக்கொடுக்கப் போகிறவனும் குற்றவாளி என்றால், சொல்ல யார் போவார்கள்? எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றுவரை செரிக்கவில்லை.

பேச்சு எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1998-இல் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்குப் போய் புலிகளிடம் பேசினார். 17 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். வாக்கு காற்றில் போனது. பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னொரு புறம், கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இந்தியா இன்றும் சேரவில்லை. நாகாலாந்தின் என்.எஸ்.சி.என். (ஐசக்–முய்வா) இயக்கமோ, ஜெனீவா கால் என்ற அமைப்பின் முயற்சியால் 2003-இல் ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைக் கைவிடுவதாகக் கையெழுத்திட்டது. கேட்டால் சில நேரம் கிடைக்கிறது, சில நேரம் ஏமாற்றப்படுகிறோம். கேட்காவிட்டால் ஏமாறக்கூட வழியில்லை.

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டை நினைக்கிறேன். 2008 அக்டோபர் 24 அன்று சென்னையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை மனிதச் சங்கிலி. ஜி.எஸ்.டி. சாலையில் முன்பின் தெரியாதவர்கள் கைகோத்து நின்றோம். போரை நிறுத்து என்று கொழும்பையும், தலையிடு என்று டெல்லியையும் கேட்டோம். இரண்டும் நியாயமான கோரிக்கைகள். இன்றும் அதில் ஒரு சொல்லைக்கூட நான் திருப்பி எடுக்கமாட்டேன். மூன்றாவதாக ஒரு முகவரியும் இருந்தது. வெளியேற நினைக்கிற சனங்களை விடுங்கள், பிள்ளைகளைப் பிடிக்காதீர்கள் என்று புலிகளிடம் உரிமையோடு சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் யார் இருந்தார்கள்? அவர்களைக் கொண்டாடியவர்கள், அவர்களுக்காகச் சிறைக்குப் போனவர்கள், வெளிநாட்டில் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் ஜெனீவாவிலிருந்து வந்த அந்நியன் போய்க் கேட்டான். சொந்தக்காரர்களின் மேடையில் அந்தக் குரல் மெலிந்தே இருந்தது. விமர்சித்தால் எதிரிக்கு ஆயுதமாகிவிடும் என்ற தயக்கம் எனக்குப் புரியாமலில்லை. அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் மாத்தளன் மணலில் கிடந்தார்கள்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 2008 செப்டம்பரில் அரசு சொன்னதும் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியதை அவர் பார்த்திருக்கிறார். போகாதீர்கள் என்று வாசலில் சனம் கெஞ்சியது. “கதைக்க வேண்டிய ஆக்களே போயிட்டினம். நீங்கள் இஞ்ச இருந்து கதைச்சா இயக்கம் கேட்டிருக்குமோ?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். கேட்காமலும் போயிருக்கலாம். ஆனால் அவருடைய அம்மாவை ஏற்றிய கப்பலுக்குப் புலிகளும்தான் ஓம் சொல்லியிருக்கிறார்கள். யாரோ போய்க் கேட்டதால் சொன்ன ஓம் அது. பிள்ளைகளை விடச் சொல்லி, சனத்தை வெளியே அனுப்பச் சொல்லி, அவர்கள் மதித்த வாய்களிலிருந்து அதே மாதிரி எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி.