முடிவு வரும் வரை

 

நோயைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் பல பயான்கள் கேட்டிருக்கிறோம். நோய் உண்டா, இல்லையா என்று தெரியாமல் காத்திருக்கும் நாட்களைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. இன்று அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நம்மில் ஒருவருடைய மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி தென்படுகிறது. டாக்டர் பயாப்ஸி செய்யவேண்டும் என்கிறார். மரத்துப்போக மருந்து கொடுத்து, ஊசியால் சிறிது சதையை எடுத்துக்கொண்டு, முடிவுக்குச் சில நாட்கள் கழித்து வரச் சொல்கிறார்கள். மறுநாள் காலை கணவர், "அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடு" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விடுகிறார். அந்த அம்மாளோ, அடுப்பில் சோறு குழைவதும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

கணவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பாரத்தில் அவரும் ஒரு கை பிடித்தாரா?

மூஸா நபி (அலை) அவர்களின் அன்னையை நினைத்துப் பாருங்கள். பிர்அவ்னுக்கு அஞ்சிப் பால்குடிக் குழந்தையை ஆற்றில் விட்டார்கள். குழந்தையைத் திரும்பத் தருவதாக அல்லாஹ்வே அவருக்கு வாக்களித்திருந்தான். அப்படியிருந்தும் அவ்வன்னையின் உள்ளம் வெறுமையாகிவிட்டதென்று திருமறை கூறுகிறது. வாக்குறுதி பெற்றவருக்கே அந்த நிலையென்றால், வாக்குறுதி ஏதுமில்லாமல் காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள் கலங்குவது ஈமானின் குறைவாகுமா? ஆகாது. அல்லாஹ் அவ்வன்னையைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் உள்ளத்தை உறுதிப்படுத்தினான்.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. மகளை அழைத்து, பின்தொடர்ந்து பார்த்து வரச் சொன்னார். ஊரைக் கூட்டவில்லை, நம்பிக்கையான ஒருவரிடம் சொன்னார். நமக்கும் அதுவே வழி. பத்துப் பேரிடம் சொன்னால் பத்துக் கதைகள் வரும். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்பதும் அத்தகைய கதைதான். அதைக் கேட்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது பேராபத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) போதித்தார்கள். பரிசோதனை செய்துகொள்வது ஒட்டகத்தைக் கட்டுவதாகும்.

முடிவு தாமதிப்பதைக் கெட்ட சகுனமாக எண்ணவேண்டாம். எடுத்த சதையைப் பார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் நிபுணர் பார்க்கவேண்டும். சில சமயம் மேலும் சில சாயங்கள் தேவைப்படும். நாட்கள் ஆவது அதனால்தான். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புற்றுநோயாகவே இருந்தாலும், ஆரம்பத்தில் கண்டுகொண்டால் குணப்படுத்த நல்ல வழிகள் உண்டு.

வியாபாரிகளே! கப்பல் துறைமுகம் சேருமுன்பே சரக்கு மூழ்கிவிட்டதென்று பேரேட்டில் நட்டம் எழுதுவீர்களா? இலாபமும் எழுதமாட்டீர்கள். அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவைத்து, அன்றைய வியாபாரத்தைப் பார்ப்பீர்கள். காத்திருக்கும் நாட்களுக்கும் அதுவே கணக்கு. சுபுஹுக்கு எழுந்து தொழுவது, கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடி துஆ கேட்பது, இயன்ற ஸதக்கா கொடுப்பது, பிள்ளைகளுக்குச் சோறிடுவது என்று அந்தந்த நாளின் வேலையை அந்தந்த நாளில் செய்வோம்.

இறுதியாகக் கணவன்மார்களுக்கு ஒரு சொல். ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் நம்மைப் போல் வியாபாரி, பெரும் செல்வந்தர். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது, அவர்களின் மனைவியும் நபிகளாரின் மகளுமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். மனைவியின் அருகில் இருக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) உதுமான் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் அவருக்கு உண்டென்றும் அறிவித்தார்கள். ருகையா (ரலி) அந்நோயிலேயே காலமானார்கள். ஆயினும் அருகில் இருந்தது வீணாகவில்லை. அதன் கூலி குறையவுமில்லை.

பத்ருப் போரையே விட்டு ஒரு வியாபாரி மனைவியின் அருகில் இருந்தாரென்றால், நாம் ஒரு நாள் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்காரக்கூடாதா? முடிவு சொல்லும் நாளை இன்றே குறித்துவையுங்கள். அன்று அவரைத் தனியே அனுப்பாதீர்கள். முடிவு எதுவாயினும், அதைக் கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

காத்திருக்கும் உள்ளங்களுக்கெல்லாம் வல்ல அல்லாஹ் உறுதியையும் ஷிபாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.